செத்த சிமெண்டும் சாகாத பழியும்

“சிமெண்டில் கலப்படம்” என்று சொல்லாத வீட்டுக்காரர் ஒருவரை நான் இதுவரையில் சந்தித்ததில்லை. சுவரில் மயிரிழை போல ஒரு வெடிப்புக் கண்டுவிட்டால் போதும். பூச்சு ஓரிடத்தில் உப்பிப் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டால் போதும். உடனே ஒரு பெரிய விசாரணை தொடங்கிவிடும். கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பார் ஒருவர். கடைக்காரன் சாம்பலைக் கலந்துவிட்டான் என்பார் இன்னொருவர். மேஸ்திரி பாதி மூட்டையை இராத்திரியோடு இராத்திரியாக விற்றுத் தின்றுவிட்டான் என்று மூன்றாமவர் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருப்பார். குற்றவாளிக் கூண்டில் இப்படி ஒவ்வொருவராக ஏற்றப்படுவார்கள். அந்தக் கூண்டில் ஒருநாளும் ஏறாதவர் ஒரே ஒருவர்தாம். அவர்தாம் வீட்டுக்காரர்.

நானும் ஒரு வீட்டுக்காரன். ஆகையால் இந்தக் கட்டுரையில் முதலில் கூண்டில் ஏறப்போகிறவன் நானே. என்னை ஏற்றிவிட்ட பிறகு, வாசகர்களே, உங்களில் சிலரையும் கைகொடுத்து மேலே ஏற்றிவிடலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

கலப்படமே நாட்டில் இல்லை என்று வாதாட நான் வரவில்லை. ஆனால், “சாம்பல் கலந்திருக்கிறான்” என்று கூக்குரல் போடுகிறவர்கள் மூட்டையின் மேல் அச்சிட்டிருப்பதை ஒருமுறை வாசித்துப் பார்த்தால் நல்லது. இன்று வீடு கட்டுவதற்கு வாங்கும் சிமெண்டில் பெரும்பகுதி ‘போர்ட்லண்ட் போசொலானா’ என்னும் வகை. அதில் நிலக்கரிச் சாம்பலை நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பத்தைந்து பங்கு வரையில் சேர்க்கலாம் என்று இந்தியத் தரக் குறியீடே அனுமதி தந்திருக்கிறது. அது திருட்டல்ல, இரகசியமும் அல்ல. நான் பேச வந்தது வேறு ஒரு கலப்படத்தைப் பற்றி. அந்தக் கலப்படத்தைச் செய்வது காற்று. அதற்குக் கதவைத் திறந்துவிடுவது நாம்.

“நாவல் எழுதுகிறவனுக்குச் சிமெண்டு மூட்டையைப் பற்றி என்ன தெரியும்?” என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்துகொள்வதற்கு நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். என் பொருட்டு மற்றவர்கள் கொடுத்த விலை அதைவிட அதிகம்.

சிமெண்டு என்பது என்ன? 1824-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கொத்தர் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் காப்புரிமை பெற்ற பொருள் அது. போர்ட்லண்ட் என்னும் இடத்தில் கிடைக்கும் கட்டடக் கல்லைப் போலவே இறுகிக் காட்சி தந்ததால் அதற்குப் ‘போர்ட்லண்ட் சிமெண்டு’ என்று பெயர் வைத்தார். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்து ஏறக்குறைய 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இன்றைய ஆலைகளில் சுட்டு எடுக்கிறார்கள். சுட்டெடுத்த கட்டிகளைக் கொஞ்சம் ஜிப்சத்தோடு சேர்த்து மாவாக அரைத்தால் அதுதான் சிமெண்டு.

நம்மில் பலர் சிமெண்டு ‘காய்ந்து’ இறுகுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். களிமண் காய்வது போலச் சிமெண்டு காய்வதில்லை. தண்ணீரோடு இரசாயன முறையில் கலந்து, புதிய பொருளாக மாறி, அதனால் இறுகுகிறது. அதனால்தான் ஆற்றுக்குள் பாலத்தூணுக்குப் போட்ட கலவை தண்ணீருக்குள்ளேயே கல்லாகிறது. சூளையில் அத்தனை வெப்பத்தில் வெந்த அந்தப் பொடிக்குத் தணியாத தாகம். முதன்முதலில் எந்தத் தண்ணீர் கிடைக்கிறதோ அதைக் குடித்துவிட்டுக் கல்லாகிவிட வேண்டும் என்பது ஒன்றே அதன் வாழ்க்கை இலட்சியம். அந்தத் தண்ணீர் மேஸ்திரி ஊற்றும் பக்கெட்டுத் தண்ணீரா, ஐப்பசி மாதத்துக் காற்றில் மிதந்து வரும் ஈரமா என்று அதற்கு விசாரிக்கத் தெரியாது.

அதன் தாகம் எத்தகையது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு கிலோ சாதாரணப் போர்ட்லண்ட் சிமெண்டிலுள்ள துகள்களின் மேற்பரப்பை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அது 225 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது தரக் குறியீடு. அதாவது ஏறக்குறைய 2,400 சதுர அடி. சென்னைவாசிகளுக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை. சரியாக ஒரு கிரவுண்டு! ஒரு கிலோவுக்குள் ஒரு கிரவுண்டு நிலம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஐம்பது கிலோ மூட்டைக்குள் ஐம்பது கிரவுண்டு. அத்தனை நிலமும் வாயைத் திறந்துகொண்டு மழைக்குக் காத்திருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பையோ நெய்த பிளாஸ்டிக் சாக்கு. இழைக்கு இழை இடைவெளி உண்டு. தைத்த வாயிலும் துவாரம் உண்டு. அந்தப் பை சிமெண்டைச் சிந்தாமல் சுமந்து வருவதற்காக ஏற்பட்டது. ஈரத்தைத் தடுத்து நிறுத்தும் கவசமல்ல.

மூடிய மூட்டைக்குள்ளேயே, ஒரு துளி மழை படாமலே, சிமெண்டு வயதாகிக்கொண்டிருக்கிறது. கட்டடக்கலைப் பாடநூல்களில் ஒரு தோராயக் கணக்குச் சொல்லுவார்கள். மூன்று மாதம் கிடந்தால் வலிமையில் நூற்றுக்கு இருபது பங்கு போய்விடும்; ஆறு மாதத்தில் முப்பது; ஒரு வருஷத்தில் நாற்பது. வைத்திருக்கும் விதத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமெண்டைச் சோதித்துப் பார்க்காமல் உபயோகிக்கலாகாது என்பது பொறியியலாளர்களுக்குப் பொது விதி. இவ்வளவும் தெரியாமல் நாம், “நான் ஐம்பத்து மூன்று கிரேடு சிமெண்டாக்கும் போட்டேன்!” என்று மார்தட்டிக்கொள்கிறோம். அந்த ஐம்பத்து மூன்று என்பது புதுச் சிமெண்டில் செய்த சாந்துக் கட்டி இருபத்தெட்டாம் நாளில் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதைக் குறிக்கிற எண். பிறந்தவுடன் கணித்த ஜாதகம் போன்றது. ஜாதகத்தில் தீர்க்காயுள் என்று எழுதியிருக்கிறதே என்பதற்காகக் குழந்தையை மழையில் கிடத்துவாருண்டோ?

இனி என் கதைக்கு வருகிறேன்.

2017-ஆம் ஆண்டு ஜூலை மாதம். தாம்பரத்துக்கு மேற்கே கீழ்த்தளம் ஒன்று கட்டி முடித்துவிட்டு, மாடிக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தேன். அந்த மாதம் முதல் தேதியில்தான் ஜி.எஸ்.டி. வரி அமுலுக்கு வந்தது. சிமெண்டுக்கு நூற்றுக்கு இருபத்தெட்டு. (அது பதினெட்டாகக் குறைந்தது 2025-இல்தான்.) கடைக்காரர் இரகசியம் சொல்லுகிற பாவனையில், “சார், இன்னும் ஏறப் போகுது. மூட்டைக்கு இருபது ரூபாயாவது ஏறும். இப்பவே எடுத்துப் போட்டுடுங்க” என்றார். நான் கெட்டிக்காரன் அல்லவா? எண்பது மூட்டை எடுத்துப் போட்டேன்.

முன்புறத்தில் கார் நிறுத்துவதற்கென்று போட்டிருந்த தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. தரை வெறும் மண். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, மதில் சுவரை ஒட்டினாற்போல், ஆளுயரத்துக்கு மேல் பதினாலு மூட்டை உயரம் அடுக்கச் செய்தேன். வண்டியிலிருந்து இறக்கும்போதே மேஸ்திரி அருகில் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர்.

“சார், ஒரு நூறு செங்கல்லும் நாலு பலகையும் குடுத்தீங்கன்னா கீழே தூக்கிக் கட்டி மேலே அடுக்கிடலாம். சுவத்துல ஒட்டாம தள்ளியும் வைக்கணும்” என்றார்.

“பத்து நாளில் தீர்ந்துபோகிற சரக்குக்கு மண்டபமா கட்டுவது? இருக்கட்டும், மேஸ்திரி” என்றேன். கொட்டகைச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். மேஸ்திரி திருடிவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை!

பத்து நாளில் தீரவில்லை. அந்த வருஷம் தமிழ்நாட்டில் ஆற்று மணலுக்கு ஏற்பட்ட தட்டுப்பாடு வீடு கட்டியவர்களுக்கு நினைவிருக்கும். மணல் இல்லாமல் வேலை நின்றது. ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. சென்னைக்கு வருஷத்தில் பெய்யும் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் கொட்டித் தீர்க்கிறது. அந்த நவம்பரிலும் கொட்டித் தீர்த்தது. கொட்டகைக்குள் தண்ணீர் வரவில்லை. அதை நானே குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துத் திருப்தியடைந்தேன். தண்ணீர் வரத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியாது. மதில் சுவர் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு பச்சையாக நின்றது. மண்தரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூட்டைகள் சுவரில் சாய்ந்தபடி நிம்மதியாகத் தாகம் தீர்த்துக்கொண்டிருந்தன.

2018 தை பிறந்தது, மணலும் வந்தது. கொட்டகையைத் திறந்தோம். அடிவரிசை இரண்டும் பாறாங்கல். சுவரோரத்து மூட்டைகள் தட்டினால் ‘டங்’ என்றன. மற்றவற்றில் புளியங்கொட்டையளவும் எலுமிச்சம்பழ அளவும் கட்டிகள். மேஸ்திரி ஒரு கட்டியை எடுத்து இரண்டு விரலுக்கிடையில் வைத்து நசுக்கிப் பார்த்தார். அது நசுங்கவில்லை.

“இது செத்த சிமெண்டு, சார். வேண்டாம்” என்றார்.

“எல்லாமேவா செத்துவிட்டது? கட்டியை உடைத்து அரித்துப் போடுங்கள். வேண்டுமானால் கலவைக்கு ஒரு சட்டி கூடப் போடுங்கள்” என்றேன்.

“அரிச்சாலும் சாவு சாவுதானே, சார்?”

“இருபத்தெட்டாயிரம் ரூபாய், மேஸ்திரி! உங்கள் வீட்டுப் பணமாயிருந்தால் இப்படிச் சொல்வீர்களா?”

அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. என் மாதிரியான ஆசாமி அப்படிக் கேட்ட பிறகு, அன்றைக்குக் கூலி வாங்கி அன்றைக்கே உலை வைக்கிற மனிதர் என்ன பேச முடியும்? கல்லானவற்றை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை அரித்தார்கள். மாடி ஜன்னல்களுக்குச் சன்ஷேட் போட்டார்கள்.

பதினைந்தாம் நாள் முட்டுப் பிரித்தபோது, கிழக்கு ஜன்னல் சன்ஷேட்டு ஒரு சத்தத்தோடு மடிந்து இறங்கியது. கீழே சல்லடையைத் தூக்கிக்கொண்டு போன சித்தாள் பெண்ணின் முழங்கையில் ஒரு துண்டு விழுந்தது. எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. இன்னும் ஒரு சாண் தள்ளியிருந்தால் தலையில் விழுந்திருக்கும்.

ஆஸ்பத்திரிச் செலவை நான் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, எவ்வளவு தாராளமான மனிதன் நான் என்று எண்ணிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குள் தெருவே கூடிவிட்டது. “மேஸ்திரி சரியில்லை, சார்.” “கம்பியை அடியில் போட்டுவிட்டிருப்பான்.” “சிமெண்டைக் குறைத்துவிட்டு மணலைக் கூட்டியிருப்பான்.” ஆளுக்கொரு தீர்ப்பு. மேஸ்திரி என் முகத்தை ஒருமுறை பார்த்தார். நான் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து எனக்குத் தெரிந்த பொறியியலாளர் ஒருவர் வந்தார். கம்பி மேற்பக்கத்தில், இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. கலவை அளவை விசாரித்தார், அதிலும் குற்றமில்லை. உடைந்த துண்டை எடுத்து ஓர் ஆணியால் கீறினார். ஈரச் சாம்பல் போல உதிர்ந்தது. “சிமெண்டை எங்கே வைத்திருந்தீர்கள்?” என்று கேட்டார். காலிச் சாக்கு ஒன்றைப் புரட்டி, அதில் அச்சிட்டிருந்த வாரத்தையும் மாதத்தையும் வருஷத்தையும் படித்தார். பிறகு கொட்டகையின் மண்தரையைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் ஒரு வார்த்தை கூடப் பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மேஸ்திரி சற்றுத் தூரத்தில் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை என் மனைவி கேட்டாள்: “என்னங்க, ஊறுகாய் ஜாடியிலே யாராவது ஈரக் கரண்டியைப் போட்டுட்டா வீட்டையே ரெண்டு பண்ணுவீங்களே. நூறு செங்கல்லுக்கா கணக்குப் பார்த்தீங்க?”

அந்தக் கேள்வியில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பண்டத்தைப் பாதுகாப்பது தமிழ்க் குடும்பத்துக்குப் புதிதா? நெல்லுக்குக் குதிர் கண்டவர்கள் நாம். புளிக்கு ஒரு பானை, ஊறுகாய்க்கு ஒரு ஜாடி, அப்பளத்துக்கு ஒரு டப்பா, பருப்புக்கு நடுநடுவே வெயில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாஸ்திரமே வைத்திருக்கிறோம். ஆனால் வீட்டைத் தாங்கப்போகிற பண்டத்தை மட்டும் வாசலில் கொட்டிய மண்ணோடு மண்ணாக நினைக்கிறோம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பாட்டனார்கள் கட்டியது சுண்ணாம்பினால். சுண்ணாம்பைத் தண்ணீரில் தாளித்து, தொட்டியில் ஊறப் போட்டு வைத்தார்கள். கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்தார்கள். தண்ணீருக்கடியில் கிடக்கக் கிடக்கச் சுண்ணாம்பு பக்குவப்படும். வெண்ணெய் போல ஆகும். பழையதுதான் உயர்ந்தது. சிமெண்டு இதற்கு நேர் விரோதம். புதியதுதான் உயர்ந்தது, ஈரம் அதற்கு எமன். நாமோ சிமெண்டைக் கையில் வைத்துக்கொண்டு சுண்ணாம்பின் நினைவிலேயே வாழ்கிறோம்.

இன்னொரு காரணம், பஞ்ச காலத்துப் புத்தி. சிமெண்டுக்குப் பெர்மிட்டு வாங்கித் தவம் கிடந்த தலைமுறை ஒன்று உண்டு. கிடைத்தபோது கிடைத்ததை வாங்கிப் பதுக்கி வைப்பதுதான் அந்தக் காலத்தில் சாமர்த்தியம். 1982-இல் அந்தக் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது. 1989-இல் அடியோடு நீங்கியது. இன்று தெருமுனைக் கடைக்கு டெலிபோன் செய்தால் மாலைக்குள் மூட்டை வந்து இறங்கும். ஆயினும் மொத்தமாக வாங்கி அடுக்கினால்தான் மனசு நிறைகிறது. கட்டுப்பாடு போய்விட்டது, பயம் போகவில்லை.

என் சாமர்த்தியத்தின் கணக்கைப் பாருங்கள். மூட்டைக்கு இருபது ரூபாய் வீதம் எண்பது மூட்டைக்கு நான் மிச்சம் பிடிக்க நினைத்தது 1,600 ரூபாய். ஆறு மாதத்தில் நூற்றுக்கு முப்பது வலிமை போகும் என்ற பாடநூல் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டாலே, 28,000 ரூபாய்ச் சரக்கில் 8,400 ரூபாய் காற்றோடு போயிற்று. கல்லாகிப்போன மூட்டைகளும், இடித்துக் கட்டிய சன்ஷேட்டும், ஒரு பெண்ணின் முழங்கையும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இனி, இதைப் படித்துவிட்டு நீங்கள் சொல்லப்போகும் சமாதானங்களை நான் அறிவேன். எல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டவைதாம்.

“சின்ன மனையில் கிடங்குக்கு எங்கே இடம்?” என்பீர்கள். இடமில்லாதவர் பதினைந்து நாள் வேலைக்கு வேண்டியதை மட்டும் வாங்கட்டும். அதை வைக்க அரண்மனை தேவையில்லை. தரையிலிருந்து பதினைந்து முதல் இருபது சென்டிமீட்டர் உயரத்தில் செங்கல் வைத்துப் பலகை போட வேண்டும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்க வேண்டும். பத்து மூட்டைக்கு மேல் உயரம் கூடாது. மேலேயுள்ள பாரத்தினாலேயே அடிமூட்டை கெட்டிப்பட்டுவிடும். அகலத்தில் நான்கு மூட்டைக்கு மேல் வேண்டாம். மூட்டைக்கு மூட்டை நெருக்கமாக இருக்கட்டும். நெல்லுக்குக் காற்றோட்டம் வேண்டும், சிமெண்டுக்குக் காற்றோட்டமே பகை. மழைக் காலத்தில் மேலும் பக்கமும் கனத்த பாலித்தீன் தாளால் போர்த்திவிட வேண்டும். முதலில் வந்த மூட்டை முதலில் வெளியே போக வேண்டும். இவையெல்லாம் என் கற்பனை அல்ல. கட்டடச் சாமான்களை எப்படி அடுக்க வேண்டும் என்பதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு தனிக் குறியீடு வெளியிட்டிருக்கிறது, எண் 4082. அதைப் புத்தக அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு மூட்டையைத் தரையில் வைக்கிற தேசம் நம்முடையது!

“கட்டி விழுந்தால் என்ன? அரித்துக்கொள்ளலாமே!” என்பீர்கள். இதில் ஒரு வித்தியாசம் உண்டு. பாரத்தினால் மட்டும் கெட்டிப்பட்ட மூட்டையைத் தரையில் நாலு புரட்டுப் புரட்டினால் உள்ளே மாவு இளகிவிடும். கட்டி இருந்தாலும் விரலால் நசுக்க மாவாகிவிடும். அதில் குற்றமில்லை. விரலுக்கு மசியாத கட்டி தண்ணீர் குடித்துவிட்ட கட்டி. அதை உடைப்பதும், சுட்ட சட்டியைப் பொடித்து மறுபடியும் சட்டி பண்ணப் பார்ப்பதும் ஒன்றே. சல்லடையில் நிற்பது கட்டி மட்டுந்தான். பாதி உயிர் போன மாவு சல்லடையின் கண் வழியாகச் சிரித்துக்கொண்டே இறங்கிவிடும். “ஒரு சட்டி கூடப் போடு” என்பதும் வீண் பேச்சு. எத்தனை பங்கு செத்தது என்று தெரியாதபோது எத்தனை சட்டி கூடப் போடுவது?

“இதையெல்லாம் பார்ப்பது மேஸ்திரியின் பொறுப்பல்லவா?” என்பீர்கள். இந்தச் சமாதானத்தைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது; முதலில் என்மேல், பிறகு உங்கள்மேல். பொறுப்பு என்பது அதிகாரத்தோடு சேர்ந்து வருவது. வாங்கும் நாளைத் தீர்மானிப்பவர் நீங்கள். எண்ணிக்கையைத் தீர்மானிப்பவர் நீங்கள். செங்கல்லுக்கும் பலகைக்கும் காசில்லை என்பவர் நீங்கள். சாவியைப் பையில் போட்டுக்கொள்பவர் நீங்கள். கெட்டுப்போன சரக்கைக் கொட்டிவிட மனமில்லாதவரும் நீங்கள். எல்லா அதிகாரமும் உங்களுக்கு, விழுந்தால் வரும் பழி மட்டும் மேஸ்திரிக்கு என்றால், இது எந்த ஊர் நியாயம்?

அடுக்கு மாடியில் வீடு வாங்குகிறவர்கள் “நாங்கள் கட்டவே இல்லையே!” என்று தப்பித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும்போது உங்களை அழைத்துப்போய் ஜோடித்து வைத்த மாதிரி வீட்டைக் காட்டுவார்கள். பளிங்குத் தரையும், சமையலறை அலமாரியும், குளியலறைக் குழாயும் கண்ணைப் பறிக்கும். அவற்றைப் பார்க்காதீர்கள். “சிமெண்டுக் கொட்டகை எங்கே? அதைத் திறந்து காட்டுங்கள்” என்று கேளுங்கள். தரையைப் பாருங்கள், சுவரைப் பாருங்கள், மூட்டையில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். பால் பாக்கெட்டுக்கும் ரொட்டிக்கும் தேதி பார்த்து வாங்குகிற நாம், அறுபது வருஷம் தலைக்கு மேல் நிற்கப்போகிற கூரையின் சரக்குக்குத் தேதி பார்க்கக் கூச்சப்படுவானேன்? கடையில் வாங்கும்போதும் அப்படியே. நடைபாதையில் மழைச் சாரல் படும்படி அடுக்கியிருக்கும் மூட்டையை, பத்து ரூபாய் மலிவு என்றாலும் தொடாதீர்கள்.

இவ்வளவும் எழுதியதற்கு ஒரு காரணம் பாக்கியிருக்கிறது.

எங்கள் எதிர் வீட்டுக்காரர் தம் மனைக்கு மதில் சுவர் எழுப்பும் வேலையை எங்கள் மேஸ்திரியிடம் கொடுப்பதாக இருந்தார். சன்ஷேட் விழுந்த பிறகு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். அடுத்த தெருவில் பேசி வைத்திருந்த ஒரு வேலையும் கைநழுவிற்று. “அவன் கட்டினது இடிஞ்சு விழுந்துச்சாமே!” என்ற பேச்சு, அவர் சைக்கிளைவிட வேகமாக அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. எனக்கு எல்லாம் தெரியும். எதிர் வீட்டுக்காரர் தினமும் காலையில் என்னோடு பேசுகிறவர்தாம். “தவறு மேஸ்திரியுடையதல்ல, அவர் வேண்டாமென்றார், நான்தான் வற்புறுத்தினேன்” என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை. பக்கம் பக்கமாக மனித நேயத்தைப் பற்றி எழுதுகிறவனுக்கு வேலிக்கு மேலாக ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை.

மேஸ்திரி மாடியை முடித்துக் கொடுத்தார். புதுச் சிமெண்டில், பலகை போட்டு அடுக்கிய சிமெண்டில், சன்ஷேட்டை மறுபடியும் போட்டார். அதற்குக் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தம் பெயரில் விழுந்த பழியை அவர் அப்படிக் கழுவப் பார்த்தார் போலும். நான் வற்புறுத்திக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். ஆனால் நான் கொடுக்க வேண்டியிருந்தது பணமல்ல என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்த மாடி அறையில்தான் இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே ஐப்பசி மழை. கிழக்கு ஜன்னலின் சன்ஷேட்டு சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை உதிர்த்துக்கொண்டு கெட்டியாக நிற்கிறது. தெருக்கோடியில் யாரோ வீடு கட்டுகிறார்கள். மண்தரையில் மூட்டைகள், மேலே ஒரு கிழிந்த தார்ப்பாய். குடையை எடுத்துக்கொண்டு அங்கே புறப்படப் போகிறேன். அதற்கு முன்னால் எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, வருஷக் கணக்காக ஒத்திப்போட்ட அந்த ஒரு வாக்கியத்தையும் சொல்லிவிட வேண்டும்.